வரிக்கு வரி தேடுதல்

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைப் பிரிவிலே, சுருவில் என்றொரு சிற்றூர் உண்டு. 1990இல் போர் தீவகத்து மக்களைப் பெருந்தொகையாய் இடம்பெயரச் செய்தது. 1981இலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. ஆகவே ஊர் பிரிந்தவரின் பிள்ளைகள் இன்று தம் ஊரைத் தேடுமிடம், எஞ்சிய பழைய மலர்களும் இதழ்களுமே. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அத்தகையவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. படமாக உள்ள பக்கத்தை எழுத்துக் கோப்பாக மாற்றிவிட்டால் கணினியைக்கொண்டு தேடலாம்.

ஒருவர் அத்தகைய கோப்பிலே சுருவிலையும், அதன் நன்னீர்க் கிணறு பற்றிய செய்தியையும் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒரு வரியை எடுக்கும். கேட்ட எழுத்துக்கள் உண்டா என்று பார்க்கும். இல்லையேல் அடுத்த வரிக்குச் செல்லும். 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸ் முறைமைக்கு ஆக்கியளித்த 'கிரெப்' என்னும் கருவியின் வழி இதுவே. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக இரு சொற்களைத் தேடுகையில் நினைவும் வேண்டும். சுருவில் அகப்பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்திலிருந்தே கிணற்றைத் தேடவேண்டும். அடுத்த ஊரின் தலைப்பு வந்ததும் நிறுத்தவேண்டும். மறுபடி முதல் வரிக்குப் போனால் அயலூர்க் கிணறே கைக்கு வரக்கூடும்.

இன்னுமோர் இடர் நம் எழுத்திலேயே இருக்கிறது. ஒருங்குறியில் 'ல்' என்பது லகரமும் புள்ளியுமாகிய இரு குறிகள். 'சுருவிலுக்கு' என்னும்போது புள்ளி போய் உகரக்குறி வந்துவிடுகிறது. எனவே 'சுருவில்' என்று தேடுவோர்க்குச் சுருவிலுக்குப் போனவர் அகப்படார்! புள்ளியை நீக்கிச் 'சுருவில' என்று தேடினால் இரண்டும் அகப்படும். 'சுரு' என்று மேலும் குறுக்கினாலோ, சுருட்டும் சுருதியும் வந்து குவியும்.

அச்சுக்கோத்தவர் வரியின் ஈற்றில் 'சுரு' என்றும், அடுத்த வரியின் தலையில் 'வில்' என்றும் பிரித்திருந்தால், தனித்தனி வரியாகப் பார்க்கும் கணினி அவ்வூரைக் காணாமலே கடந்துவிடும். தேடுமுன் இத்தகைய வரிகளை ஒட்டிக்கொள்ளல் வேண்டும்.

ஆதலால், கணினி 'இல்லை' என்றவுடன் ஊரே ஏட்டில் இல்லையென்று முடிவு கட்டலாகாது. நீங்கள் கேட்ட வடிவில் இல்லை என்பதே அதன் விடை. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்த பின்னரே ஏட்டை மூடுங்கள்.