சித்திரைக்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை
(பங்குனி மாதக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாங்கள் இருவரும் இப்போது புத்தளம் மாவட்டத்தில், மதுரங்குளிப் பக்கம் உள்ள கனமூலையில் குடியிருக்கிறோம். தென்னந்தோப்பு வேலைக்கென்று போய் அங்கேயே வீடு வாசல் என்று ஆகிவிட்டது. ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் உங்களைப் போல லயத்தில்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு கான். அதை நாங்கள் மறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் புது வீட்டுக்காரர்கள் என்று சொன்னார்கள். மெத்தச் சந்தோஷம். இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் வேலை 2016இல் தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. நம்முடைய தாத்தா பாட்டி காலத்தில் இதைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கட்டின பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் அதை நட்டப்பட்டுத்தான் படித்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லுகிறோம்.

லயத்தில் இருந்த காலத்தில் தகரம் ஒழுகினால் என்ன செய்வோம்? கணக்கப்பிள்ளையிடம் சொல்லுவோம், தலைவரிடம் சொல்லுவோம், அவர் துரையிடம் சொல்லுவார். ஆள் வந்தால் வரும், வராவிட்டால் வாளி வைப்போம். வீடு நம்முடையது இல்லை என்பதால் ஆணி அடிக்கவும் பயம். கனமூலையில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டிக் குடிபோன பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

முதல் வருசம் மாசி மாதம், தேங்காய் விழுந்து குசினிக்கு மேல் இரண்டு ஓடு உடைந்தது. பக்கத்து வீட்டு நானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "தம்பி, ஓடு போயிருக்கு. வெயில் இருக்கும்போதே மாத்திப் போடுங்க" என்றார். சரி நானா, பார்ப்போம் என்றோம். சித்திரை மழைக்கு இரண்டு சொட்டு விழுந்தது, வாளி வைத்தோம். அடுத்து வெயில் மாதங்கள், மறந்தே போனோம். பீலி நிறையத் தென்னம்பூவும் சருகும். தண்ணீர் பீலியில் ஓடாமல் சுவர் வழியாக இறங்கியது. ஈரம் கண்ட இடத்தில் கறையான் ஏறியது.

எங்கள் பக்கம் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த மழையில் ஒரு ராத்திரி குசினிக் கூரையில் பாதி இறங்கிவிட்டது. பிள்ளைகள் மற்றக் காம்பராவில் படுத்திருந்தார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வளை மரம் இரண்டும், அதற்குக் கீழே இருந்த சட்டி பானையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் போய்விட்டன. திருத்துவதற்கு மகளின் காதுத்தோட்டை அடகு வைத்தோம். மாசியில் இரண்டு ஓடும் அரை நாள் வேலையும் போதுமாக இருந்தது.

அப்போது நானா எங்களைக் குறை சொல்லவில்லை. தன்னுடைய கிடுகுக் குசினியைக் காட்டினார். "இது கிடுகு. வருசா வருசம் மாத்தாட்டி நிக்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஓட்டு வீட்டுக்காரருக்குத்தான் அது மறந்து போகுது" என்றார். அவர் சொன்னது எங்களுக்கு நன்றாக உறைத்தது. கல்வீடு என்றால் தன்பாட்டில் நிற்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தேயிலைக்குக் கவாத்து இல்லாமல் கொழுந்து உண்டா? வீடும் அப்படித்தான்.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம். எந்த மாதத்தில் பார்ப்பது? ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் பெரிய மழை மே முதல் செப்டம்பர் வரை. ஆகவே பங்குனிதான் உங்களுக்குச் சரியான மாதம். பதுளை, ஊவாப் பக்கத்துச் சொந்தக்காரருக்கு ஐப்பசி முதல் தை வரை மழை கூட, அவர்கள் ஆவணி புரட்டாதியிலும் ஒரு தரம் பார்க்க வேண்டும். சித்திரை வருசப் பிறப்புக்கு எப்படியும் வெள்ளை அடிக்கிறோம். திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு வெள்ளை அடியுங்கள். வெடிப்புக்கு மேலேயே சுண்ணாம்பு பூசினால் கண்ணுக்குத்தான் மறையும்.

முதலில் கூரை. பகல் நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். ஊசித் துவாரம் இருந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். தகரத்தில் ஆணி அடிக்கும்போது அலையின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். வாசர் இற்றுப்போன ஆணிகளை மாற்றுங்கள். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்க வேண்டாம், பலகை போட்டு ஏறுங்கள், கீழே ஒரு ஆள் நிற்கட்டும். அஸ்பெஸ்டஸ் ஷீட்டைக் காய்ந்தபடி அறுக்கவோ, உரசிக் கழுவவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கெடுதி. வெட்டத்தான் வேண்டுமென்றால் நனைத்துவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி அனுப்பிவிட்டு, தெரிந்த பாஸ் ஒருவரைக் கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது பீலியும் கானும். மலையில் ஏன் கான் வெட்டுகிறோம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஓடினால் மண்ணும் அதோடு போகும். வீட்டுக்கும் அதே கணக்குத்தான். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தில் விழாமல் கானில் விழ வேண்டும், கான் அடைபடாமல் இருக்க வேண்டும். உங்கள் கான் தண்ணீர் கீழ் வீட்டுக்காரரின் சுவரில் போய் முட்டக்கூடாது. சண்டை பாதி அதிலேதான் ஆரம்பிக்கிறது. மேல் வீடும் கீழ் வீடும் சேர்ந்து ஒரே நாளில் கான் வெட்டினால் சண்டையும் இல்லை, வேலையும் குறைவு.

சுவரைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு எந்த வீட்டிலும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால், அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக அகலமாகிக் கொண்டிருந்தால், அத்திவாரத்தில் ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உடனே தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். விறகையும் மண்ணையும் சுவரோடு குவிக்காதீர்கள். சுவரில் மண் கோடு ஏறினால் அது கறையான்.

வயரையும் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடத்தில் வயர் போனால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தரம் அமத்திப் பாருங்கள், கரண்ட் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது காவல் செய்யவில்லை. கக்கூஸ் குழியின் மூடியில் வெடிப்பு இருக்கிறதா, பிள்ளைகள் அதன் மேல் விளையாடுகிறார்களா என்றும் கவனியுங்கள். பீலியிலும் பழைய டின்னிலும் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பற்றியது. குசினியைக் கொஞ்சம் பெரிதாக்குவோம் என்று மேட்டை வெட்டுகிறார்கள். யாரையும் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இங்கே மலைகள் சரிந்தன, எங்கள் புத்தளம் மாவட்டத்தில் வெள்ளம் ஏறியது. அந்த நாட்களில் இங்கே உள்ள சொந்தங்களுக்குப் போன் எடுத்து எடுத்து, பதில் வராமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருதல், கதவு ஜன்னல் காரணமில்லாமல் இறுகுதல் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மழை அடித்துக் கொண்டிருக்கும்போது இவற்றைக் கண்டால் சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஓடு மாற்றலாம், ஆளை மாற்ற முடியாது.

இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் இப்போது சம்பளத்தன்று ஒரு சின்னத் தொகையை ஒரு டின்னில் போட்டு வைக்கிறோம். அது வீட்டின் பங்கு, கல்யாணத்துக்கும் எடுப்பதில்லை. ஒரு வீட்டுக்கு நாலு வீட்டார் கைமாற்றாக வேலை செய்தால் கூலியும் மிச்சம். ஒழுகுவதை முதலில் காண்பது வீட்டுப் பெண்கள்தான், அவர்கள் சொன்னால் ஆம்பிளைகள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லாமல் ஏணியை எடுக்க வேண்டும்.

சிலர், "உறுதி இன்னும் கைக்கு வரவில்லையே, வந்த பிறகு செலவழிப்போம்" என்கிறார்கள். அந்த மனவருத்தம் எங்களுக்கு விளங்குகிறது. உறுதியைக் கேட்பது உங்கள் உரிமை, அதை விடாமல் கேளுங்கள். ஆனால் மழை உறுதியைப் பார்த்துப் பெய்வதில்லை. உள்ளே படுத்திருப்பது உங்கள் பிள்ளைகள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இருட்டுவதற்குள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கூட ஒரு பிள்ளையைக் கூட்டிப் போய், கண்டதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நாலு காரியம் இருந்தால் இந்த ஞாயிறு ஒன்றைச் செய்யுங்கள். வருசப் பிறப்புக்கு மறுபடியும் வருவோம், அப்போது உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க ஆசை. வாளி வைக்காத வீட்டில் குடிக்க ஆசை.