டைக் வீதியில் ஒரு வீடு

திருகோணமலைக்குப் போகிறவர்களில் பலர், நகரத்தில் இறங்கிய கையோடு ஓட்டோ பிடித்து உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய்விடுகிறார்கள். பெரிய ஹோட்டல்கள் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. புறாத்தீவுக்குப் படகும் அங்கிருந்துதான். நகரத்துக்கு அவர்கள் திரும்புவது கோணேசர் கோயிலில் கும்பிட்டு வரும் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே. நகரத்துக்குள்ளேயே, ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன விடுதியில் இரண்டு இரவாவது தங்கிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த உரையின் வேண்டுகோள்.

அதற்கு ஏற்ற இடம் டச்பே கடற்கரையை ஒட்டிய டைக் வீதி. முன்வாசல் வீதிக்கும் பின்வாசல் மணலுக்கும் திறக்கிற வீடுகள் அங்கே உண்டு. கீழே குடும்பம் இருக்கும். மாடியில் நாலைந்து அறைகள். கட்டில், நுளம்பு வலை, மின்விசிறி, மடித்து வைத்த துவாய், விறாந்தையில் இரண்டு கதிரை. அவ்வளவுதான் வசதி. கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும் இரவு ரயில், கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, விடியப்புறம் திருகோணமலைக்கு வந்து சேரும். அந்த நேரத்திலும் கேற்றைத் திறந்து, “வாங்கோ, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ” என்று சொல்ல வீட்டில் ஒருவர் விழித்திருப்பார். பெயர், விலாசம் எழுதுகிற கொப்பி பிறகுதான் வரும்.

காலைச் சாப்பாட்டுக்கு அட்டவணை கிடையாது. “தம்பி, புட்டோ இடியப்பமோ?” என்ற கேள்வி முதல்நாள் இரவே வந்துவிடும். குசினியில் வீட்டுக்கார அம்மா மூங்கில் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறி மாறி அடுக்குவார். ஆவி மேலே வந்ததும் குழலைச் சாய்த்து, பின்னால் ஒரு தடியால் தள்ளுவார். புட்டு முழுசாகத் தட்டில் வந்து விழும். பக்கத்தில் சொதியும் சம்பலும். மீன் கறி என்ன மீன் என்பது அன்றைய கடலைப் பொறுத்தது: பாரையோ, சூரையோ, சில நாள் கணவாயோ.

விடியலில் பின்வாசலைத் திறந்தால் சூரியன் நேர் எதிரே. இடப்பக்கம் கடலுக்குள் நீண்டு நிற்பது சுவாமி மலை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அதன் உச்சியில் இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் அங்கிருந்த பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கையிலும் அது மாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் போனது. இத்தனை பேரும் அடித்துக்கொண்டது நகரத்துக்கு மறுபுறம் விரிகிற, உலகின் மிக ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றுக்காக. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் அதற்காகவே. ஆங்கிலேயக் கடற்படை இங்கிருந்து முழுதாக வெளியேறியது 1957இல்தான்.

அவர்கள் விட்டுப்போன கல்லறைத் தோட்டம் ஒன்றும் நகருக்குள் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கமானார்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. பொழுதுபட்டால் அவை நகர வீதிகளுக்கும் இறங்கிவிடும். கடைவாசலில் நின்று வாழைப்பழத் தோலுக்குக் காத்திருக்கும். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் சுற்றிப் போவார். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவருக்கு இந்தக் காட்சி கிடைப்பது அரிது.

மாலை விறாந்தையில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும். போர்க்காலம், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, வெளிநாடு போன பிள்ளைகள். போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் இந்தக் கரைக்குப் பயணிகள் பெருவாரியாக வரத் தொடங்கினார்கள். ஆளில்லாமல் கிடந்த வருடங்களையும் இதே கூரையின் கீழ் கழித்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்கள் வாயால் கேட்கும் ஊர்க்கதைக்கு எந்த வழிகாட்டிப் புத்தகமும் ஈடாகாது. கேள்வி கேட்டுக் குடையாமல், அவர்கள் சொல்கிற அளவுக்குக் கேட்டுக்கொள்வதே மரியாதை.

போக நல்ல காலம் வைகாசி முதல் ஆவணி வரை. அப்போது கச்சான் காற்று வீசும். மத்தியானம் சுடும், ஆனால் கிழக்குக் கடல் குளத்துத் தண்ணீராய்க் கிடக்கும். அந்தப் பருவத்தின் முற்பகுதியில் திமிங்கிலம் பார்க்கப் படகுகளும் போகின்றன. ஐப்பசியில் மழை பிடித்தால் கடல் கொந்தளிக்கும்; குளிக்க இறங்கக் கூடாது.

கோணேசரின் நகர்வலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மகா சிவராத்திரியை ஒட்டிப் போகலாம். சுவாமி மலையிலிருந்து இறங்கி வீதி வீதியாக வருகிறபோது வாசல்தோறும் கோலமும் நிறைகுடமும் இருக்கும். அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரரும் வந்துவிடுவதால், சின்ன விடுதிகளில் அறைக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.