நோய் எதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



குழுவில் கடன் வாங்கி அரை ஏக்கர் தக்காளி வைத்தேன். காய் பிடிக்கிற நேரத்தில், இலை பச்சையா இருக்கும்போதே செடிகள் தலை தொங்கிடுச்சு. கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்தை மூணு தடவை அடிச்சேன். ஒண்ணும் தேறல. வந்தது பூஞ்சாணமே இல்லை, பாக்டீரியா வாடல் நோய். அந்த மருந்து பாக்டீரியாவை ஒண்ணும் செய்யாது. கடனைக் கூலி வேலைக்குப் போய்த்தான் அடைச்சேன்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். வாடின செடியின் அடித்தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டின முனை முங்குற மாதிரி பிடிங்க. சில நிமிஷத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் அது பாக்டீரியா.

அந்த பாக்டீரியாவுக்கும் எதிரி உண்டு. 'பாக்டீரியோஃபேஜ்' என்கிற வைரஸ். 'பாக்டீரியா தின்னி' என்று அர்த்தம். 1917-இல் ஃபெலிக்ஸ் டெரெல் என்ற விஞ்ஞானி வைத்த பேர். அது பாக்டீரியா மேல ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, பாக்டீரியாவை வெடிக்க வைத்து வெளியே வரும். வந்ததெல்லாம் அடுத்ததைத் தேடிப் போகும். செடியையும் நம்மையும் தாக்காது. தக்காளி, மிளகாயில் வரும் பாக்டீரியா புள்ளி நோய்க்கு அமெரிக்காவில் 2005-லேயே இதற்கு அனுமதி கொடுத்தாங்க.

ஆனால் மூணு விஷயம் ஞாபகம் வைங்க. ஒரு ஃபேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். புள்ளி நோய்க்கானது வாடலுக்கு உதவாது. வெயில் பட்டால் அழிஞ்சிடும், அதனால் சாயங்காலம்தான் தெளிக்கணும். ஒரே ஃபேஜுக்கு பாக்டீரியா பழகிடும், அதனால் பலவகை கலந்து தருவாங்க.

ஆகவே, 'எல்லா நோய்க்கும் இந்த ஒரே ஃபேஜ் மருந்து' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீங்க. எந்த நோய்க்கு, எந்த பாக்டீரியாவுக்கு, அரசுப் பதிவு இருக்கா என்று கேளுங்க.

வாடல் வந்த செடியை வேரோடு பிடுங்கி எரிங்க. அந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடாதீங்க. அடுத்த போகம் அங்கே கத்தரி, மிளகாய் வேண்டாம், மக்காச்சோளம் போடுங்க.

சகோதரிகளே, கடைக்குப் போறதுக்கு முன்னாடி டம்ளரை எடுங்க. நம்ம குழுக் கடன் தப்பான மருந்துக்குப் போகக் கூடாது.