கேள்விச் செல்வமும் பயணச் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; அதனோடு அமையாது கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நூலைக் கற்பது வேறு, அறிந்தாரிடம் கேட்பது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். விஞ்ஞானம் பயில்வோர்க்கு இன்று அந்தக் கேள்வி பெரும்பாலும் மகாநாடுகளிலேதான் கிடைக்கின்றது. அச்சேறுமுன்னரே ஆராய்ச்சிகள் அங்கே பேசப்படுகின்றன. தேநீர் வேளையில் ஒருவர் கேட்கும் வினா, மற்றொருவரின் ஓராண்டு உழைப்பை நேர்வழிக்குத் திருப்பிவிடுவதும் உண்டு.

பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம் கேம்பிரிட்சிலே படித்து, 1951 இல் இலாகூருக்குத் திரும்பிக் கணிதம் கற்பித்தார். அவருடைய துறையைப் பற்றி உரையாட அங்கே ஒருவருமில்லை. பௌதிக மேதை பௌலி பம்பாய்க்கு வந்திருந்த சமயம், அவரைக் காண விரைந்தார் சலாம். திரும்பி வந்தபோது கிடைத்தது பாராட்டன்று. அனுமதியின்றிப் போனார் என்ற குற்றச்சாட்டு! 1954 இல் மனமில்லாமலே தாய்நாட்டை விட்டு மீண்டும் கேம்பிரிட்ச் சென்றார். நாடா, ஆராய்ச்சியா என்னும் அந்தத் துன்பம் பிறர்க்கு வரலாகாதென்று, 1964 இல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் சர்வதேசப் பௌதிக நிலையம் ஒன்றை நிறுவினார். வறிய நாட்டு ஆராய்ச்சியாளர் தம் நாட்டிலேயே வாழ்ந்துகொண்டு, சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை அங்கே சென்று தங்கலாம். செலவை நிலையமே ஏற்கும். 1968 இல் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தையும் தம் நாட்டு இளைஞர் அங்கே செல்வதற்கே ஒதுக்கினார். நோபல் பரிசு அவரை வந்தடைந்தது 1979 இல். எனக்கென்னவோ, அப்பரிசைவிட இந்த ஏற்பாடே பெரிதாகத் தோன்றுகிறது.

நம்மவர் நிலைக்கு வருவோம். 2022 இல் டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. மகாநாட்டுக் கட்டணமோ டொலரில். ஆராய்ச்சி மாணவரின் படியோ ரூபாவில். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, விசாவுக்காகச் சுமார் 400 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்புக்குப் போய்வரும் செலவும் சேரும்.

உதவி செய்வோர் இல்லையென்று சொல்லமாட்டேன். அவர்கள் செய்யும் விதத்திலேதான் குறை. நான் அறிந்த ஒரு மாணவியின் கட்டுரை வெளிநாட்டு மகாநாடொன்றில் ஏற்கப்பட்டது, உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் போய் வந்து பற்றுச்சீட்டுகளைக் காட்டினாற்றான் பணம்! தகப்பனார் இல்லாத வீடு. தாயார் காப்பை அடகு வைக்க எழுந்தார், மகள் தடுத்துவிட்டாள். பயணமும் நின்றது. கையில் பணமுள்ளவனுக்கே பின்னர் பணம் தருவதை உதவி என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நிருவாக சபைக்கு ஒரு பிரேரணை. நமது திருவிழாச் சோடனைச் செலவில் ஒரு பங்கைக் குறைத்துக் கைமாற்று நிதியொன்று தொடங்குவோம். அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் முன்பணம் கொடுப்போம். உதவித்தொகை வந்தபின் வட்டியின்றித் திருப்பித் தரட்டும். சொந்த ஊரைவிட்டுத் தனியே போகாத பெண்பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர்களுக்கும் முதலிடம் அளிப்போம். திரும்பி வந்தவர் இந்த மண்டபத்திலே, தாம் கேட்டதைத் தமிழில் ஒரு மாலை சொல்லவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சோடனையைக் குறைப்பதற்குப் பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு பேச ஆயத்தமாயிருக்கிறேன்.