ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஊசி: கேட்க வேண்டியதைக் கேட்போம்

(ஹட்டனில் நடந்த தோட்ட மாதர் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க என்று வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன தவணையில் எங்கள் பாடசாலையில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள் வந்தது. அன்றைக்கென்று வகுப்பில் பாதிப் பெண் பிள்ளைகளைக் காணவில்லை. பின்னேரம் லயத்துக்குப் போய் விசாரித்தோம். முதல் வீட்டில், "புள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர்" என்றார்கள். காய்ச்சல்காரி வாசலில் கயிறு பாய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் இருந்த அம்மாயிதான் உண்மையைப் பேசினார். "அந்த ஊசி போட்டா நாளைக்கு இதுக்கு வயித்துல புள்ளை தங்காதாமே. எங்களுக்குச் செஞ்சது பத்தாதா?"

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். அந்த அம்மாயியின் காலத்தில் நம் தோட்டங்களில் எல்.ஆர்.டி. எப்படி நடந்தது என்று இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு ஒப்பரேசனுக்கு அரசாங்கம் காசு கொடுத்த காலம் அது. காசுக்காகப் போனவர்களும் உண்டு. என்ன செய்கிறார்கள் என்று விளங்காமலே லொறியில் ஏறிப் போய் வந்தவர்களும் உண்டு. அதற்கு முன்னால் 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மைப் பங்கு போட்டார்களே, அப்போது எந்த லயத்தில் யாரைக் கேட்டார்கள்? கேட்காமல் செய்து பழக்கப்பட்ட சனங்களுக்கு, கேட்காமல் வருகிற ஊசியிலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

போதாக்குறைக்கு, 2023 இல் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் மருந்தில் மோசடி வெளிவந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அதைப் பார்த்தவர்கள் "இந்த ஊசி சரியானதா?" என்று கேட்பது நியாயம். ஆனால் கேள்வி கேட்பது வேறு, பிள்ளையை ஒளித்து வைப்பது வேறு. இன்றைக்கு இந்த வித்தியாசத்தைத்தான் பேச வந்தோம்.

முதலில் பெயரில் இருக்கிற குழப்பத்தைத் தீர்ப்போம். இது எச்.பி.வி. தடுப்பூசி. எச்.ஐ.வி. இல்லை. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. "எயிட்ஸ் ஊசி போடுறாங்க" என்று ஒரு தோட்டத்தில் கிளம்பிய பேச்சு மூன்று டிவிஷன் தாண்டிப் போனதை நாங்களே கேட்டோம்.

எச்.பி.வி. என்பது ஒரு கிருமி. உடலுறவு வழியாகப் பரவுவது. கெட்டவர்களுக்கு மட்டும் வருவதில்லை. கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்துகிற சாதாரண ஆண் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும். அனேகமானவர்களுக்குத் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் சத்தம் போடாமல் இருந்து, கருப்பையின் கழுத்தில் புற்றுநோயாக மாறும். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிக்கு 2008 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கிருமியில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் இந்தப் புற்றுநோயில் 100க்கு 70க்குக் காரணம். 2022 இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 350,000 பெண்கள் இதனால் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல கொழுந்துக்காரி. மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் பட்டது. மலையில் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடையைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு பேர் போச்சே. ஒரு இடத்தில் காட்டியபோது இரத்தம் குறைவு என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போனபோது நோய் பரவிவிட்டது. விடிய முன் பஸ் ஏறி, கிளினிக் முடித்து இரவு வீடு வந்து சேர்ந்த அந்தப் பயணங்களில் கூடப் போனது எட்டாம் வகுப்புப் படித்த மகள். அம்மாவும் போய்ச் சேர்ந்தார், பிள்ளையின் படிப்பும் நின்றது. இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே நாங்கள் கோடு போட்டோம்.

அந்த அம்மாவின் வயதுக்காரர்களுக்கு இந்த ஊசி பிந்திப் போனது. கிருமி தொற்றிய பிறகு அதை விரட்டுகிற சக்தி இதற்குக் கிடையாது. தொற்றுவதற்கு முன் போட வேண்டும். அதனால்தான் 10, 11 வயதில் போடுகிறார்கள். "இந்த வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, பழக்கிக் குடுக்கிறீங்களா?" என்று ஒரு தகப்பன் எங்களிடம் கோபப்பட்டார். ஐயா, மழைக்கு முன்னால்தானே கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம். அதற்காக மழையை நாமா கூப்பிட்டோம்?

ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் மேல் ஓடு மாதிரி செய்த ஒரு புரதம். அந்த ஓட்டுக்குள்ளே ஒன்றும் கிடையாது. அதனால் அது நோயை உண்டாக்காது, கருப்பையையும் தொடாது. கை வலிக்கும், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், பயத்தில் சிலர் மயங்கி விழுவார்கள். இதனால்தான் போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறார்கள். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். 2017 வரை உலகத்தில் 27 கோடிக்கு மேற்பட்ட ஊசிகள் போன பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு கணக்குப் பார்த்தது. பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய 1.7 என்ற அளவில்தான் அது வந்தது. மலட்டுத்தன்மைக்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை.

பலன் உண்டா? 2024 இல் ஸ்கொட்லாந்தில் வெளியான ஆய்வில், 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று கண்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனாலும் பயம் நம் லயத்தில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில், படித்தவர்கள் நிறைந்த நாட்டில், வலி வருகிறது, நடக்க முடியவில்லை என்ற செய்திகள் பரவி, 2013 இல் அரசாங்கம் இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. பத்தில் ஏழு பிள்ளைகள் போட்ட நாட்டில், நூற்றில் ஒரு பிள்ளைகூடப் போடாத நிலை வந்தது. ஆராய்ந்து பார்த்து, ஊசி காரணமில்லை என்று சொல்லி 2022 இல்தான் மறுபடி தொடங்கினார்கள். இடையில் போன பிள்ளைகளின் வருடங்கள் போனதுதான்.

இனி நமக்கு மிகவும் கிட்டிய ஒரு கதை. பத்ராசலம் என்றால் ராமர் கோயில் ஞாபகம் வரும். அந்தப் பகுதி அன்றைக்கு ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் இருந்தது. 2009 இல் பாத் என்ற அமெரிக்க நிறுவனம் அங்கே சுமார் 14,000 பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். குஜராத்தின் வடோதராவிலும் இப்படியே நடந்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து 7 பிள்ளைகள் இறந்தார்கள். பெரிய போராட்டம் வந்தது, 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. விசாரணையில் ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியது, ஒன்று பாம்பு கடித்தது, பூச்சிமருந்து குடித்தவர்களும் இருந்தார்கள், ஒன்று மலேரியா என்று தெரிந்தது. சாவுக்கு ஊசி காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அதோடு கதை முடியவில்லை. 2013 இல் இந்தியப் பாராளுமன்றக் குழு சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763 இல் கையெழுத்துப் போட்டிருந்தது விடுதிக் காப்பாளர்கள். 1,948 இல் வெறும் கைநாட்டு. தாய் தகப்பனுக்கு என்ன ஊசி, எதற்கு என்று யாரும் விளங்கப்படுத்தவில்லை. ஏழைப் பிள்ளைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஊசி நல்லதாக இருந்தும், போட்ட முறை கேடாக இருந்தது. அந்தக் கேட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த ஊசி பல வருடம் கிடைக்காமல் போனது.

இதைப் படித்தபோது எங்களுக்குள்ளும் ஒரு குற்ற உணர்ச்சி. நாங்களும் ஆசிரியர்தானே. "கையெழுத்து வாங்கி வா" என்று பிள்ளையிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டில் யார் வாசித்தார்கள் என்று எத்தனை தரம் பார்த்தோம்? அக்கா போட்ட கையெழுத்தைத் தெரிந்தும் வாங்கி வைத்திருக்கிறோம். வேறொரு பாடசாலைக்குக் கடிதமே சிங்களத்தில் மட்டும் வந்ததாம். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. தமிழில் கேட்பது நம் உரிமை.

நம் நாட்டில் 2017 இல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தார்கள். அப்போது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கினார்கள், இலவசமாக. அதே வருடம் மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, நோர்வூட் கூட்டத்துக்குப் போனதும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஊசி வந்ததுதான் யாருக்கும் தெரியாது! அதற்கு மேடை போடவில்லை.

இனி நம் பாடசாலைக்கு ஊசி வருவதற்கு முதல் வாரம், எம்.ஓ.எச். பணிமனையிலிருந்து மிட்வைஃப் மிஸ்ஸோ பி.எச்.ஐ. ஐயாவோ வந்து, வேலை விட்ட பிறகு, தமிழில், தாய்மாருக்கு முன்னால் பேச வேண்டும். இதைச் சங்கம் எழுத்தில் கேட்கும். ஊசி போடும் நாளில் விரும்புகிற அம்மா வந்து பக்கத்தில் நிற்கலாம். அதற்கு அரைப் பேர் வெட்டக் கூடாது என்று தோட்ட நிர்வாகத்திடம் பேசுவோம். ஒவ்வாமை வந்தால் கொடுக்கிற மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்ட திகதியையும் மருந்தின் தொகுதி இலக்கத்தையும் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். நல்ல மிஸ்மார் கோபிப்பதில்லை, நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இங்கே இருக்கிற 35 வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகக் கருப்பைக் கழுத்தைப் பரிசோதிக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு ஊசி போட்டாலும் அவளும் பிறகு அதற்குப் போகத்தான் வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, புருசனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளை போனாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் போகிற நாளுக்கு முழுப் பேர் வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

அந்த அம்மாயி வீட்டுக்கு நாங்கள் மூன்று தரம் போனோம். மூன்றாவது தரம் தேத்தண்ணி கொடுத்தார். "நீங்க பக்கத்துல நிப்பீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நிற்போம் என்றோம். போன தவணையில் தப்பிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், திகதி குறித்துக்கொள்வோம்.