மூடாத மதகு: குழந்தைகளின் மூளைக் கட்டியும் மரபணுவும்

(மேட்டூரில் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேட்டூரில் பேசுவதால் அணையிலிருந்தே தொடங்குகிறேன். நீர்மட்டம் 120 அடியை எட்டியபின் வரும் உபரிநீரை 16 கண் மதகு வழியாக வெளியேற்றுகிறார்கள். உத்தரவு வந்தால் ஷட்டர் உயரும். போதும் என்றால் இறங்கும். நம் உடலின் செல்களும் இப்படி உத்தரவுக்குக் கட்டுப்பட்டே பிரிகின்றன. அந்தக் கட்டுப்பாடு கெடும்போது கட்டி வளர்கிறது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுத்தன்மையுள்ள மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மெடுல்லோபிளாஸ்டோமா. இது பின்மண்டையிலுள்ள சிறுமூளையில் தோன்றுகிறது. பிறப்பையொட்டிய மாதங்களில் சிறுமூளை வேகமாக வளர வேண்டும். அதற்கான உத்தரவைக் கொண்டுவருவது 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்னும் புரதம். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. இந்த வகை மரபணுவை முதலில் பழ ஈயில்தான் கண்டார்கள். அது பழுதான புழுவின் உடலெங்கும் முட்கள் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. 1980-இல் இதை வெளியிட்ட கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செல்லின் மேல்பரப்பில் 'பேட்ச்டு' என்ற புரதம் காவல் இருக்கிறது. 'ஸ்மூதன்டு' என்ற இன்னொரு புரதத்தை அது அடக்கி வைத்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் புரதம் வந்து பேட்ச்டுடன் இணைந்ததும் பிடி தளர்கிறது. ஸ்மூதன்டு செயல்படத் தொடங்குகிறது, செய்தி உட்கருவை எட்டுகிறது, செல் பிரிகிறது. வளர்ச்சி முடிந்தால் உத்தரவும் நின்றுவிடும். ஆனால் பேட்ச்டை உருவாக்கும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகிவிட்டால், உத்தரவே இல்லாமல் மதகு திறந்து கிடக்கும். செல் பிரிந்துகொண்டே போகும்.

எல்லா மெடுல்லோபிளாஸ்டோமாவும் இப்படி வருவதில்லை. சிலவற்றில் 'விண்ட்' என்ற வேறொரு செய்திப் பாதை பழுதாகிறது. அந்த வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது, கட்டியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் வகை பிரித்தார்கள். 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மரபணு மாற்றமும் சேர்ந்துவிட்டது.

இதை ஆசிரியர்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டி பெரிதாகும்போது மூளைக்குள் ஓடும் நீரின் வழி அடைபடும். அதனால் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி வரும். நடை தள்ளாடும்; கையெழுத்து குலையும்; திடீரென மாறுகண் தோன்றும். தலைவலி என்றாலே கட்டி என்று பொருளில்லை. ஆனால் இவை சேர்ந்து வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ காத்திருக்க வேண்டாம். பெற்றோரை அழைத்துப் பேசி, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

அந்தத் தாய் "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்கக்கூடும். பெரும்பாலான குழந்தைகளில் இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. குழந்தையின் ஏதோ ஒரு செல்லில் புதிதாக நேர்வது. சிறு பங்கினருக்கே அது பரம்பரையாக வருகிறது. இது தொற்றாது, யாருடைய குற்றமும் இல்லை. அவருக்குப் புரியும்படி இதைச் சொல்ல உங்களால் முடியும்.

சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளைக்குக் கதிர்வீச்சின் விளைவாக நினைவும் வேகமும் குறைந்திருக்கலாம். முன்வரிசையில் இடமும், எழுதி முடிக்கக் கூடுதல் நேரமும் கொடுங்கள். அவன் சோம்பேறி அல்ல என்பதை வகுப்புக்கும் சொல்லுங்கள்.