துண்டு போடும் இயந்திரம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு அதுவே அதிகம். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். "நான் ரோபோ அல்ல" என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறதே கம்ப்யூட்டர், அந்தச் சோதனையைப் பற்றியும், நமக்குப் பதிலாக அதைத் தாண்டிக் கொடுக்கும் குட்டி புரோகிராம்களைப் பற்றியும் பேசப் போகிறேன். இது சாப்ட்வேர்காரர்கள் சமாசாரம் என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் தூங்கிவிட வேண்டாம். தட்கல் டிக்கெட் கிடைக்காமல் ஒரு முறையாவது நொந்துபோன எல்லாருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் ஒரு கதைச் சுருக்கம். எதிரே பேசுவது மனிதனா, இயந்திரமா என்று பேச்சை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியை 1950-இல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை எழுப்பினார். அவர் யோசித்த சோதனையில் நீதிபதி மனிதர். பிற்பாடு இன்டர்நெட் வந்தது. இலவசக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் திறந்து குப்பைத் தபால் அனுப்பும் புரோகிராம்கள் வந்தன. அவற்றை வாசலிலேயே நிறுத்த, கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி "இது என்ன, சொல்" என்று கேட்கும் முறையும் வந்தது. 2003-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் வான் ஆன், மானுவெல் பிளம் முதலியோர் 'கேப்சா' என்ற பெயரோடு இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரையும் மனிதனையும் தானாகவே பிரித்துக் காட்டும் சோதனை என்பது அதன் பொருள். டூரிங்கின் ஏற்பாடு தலைகீழானது. இப்போது நீதிபதி கம்ப்யூட்டர், கூண்டில் நிற்பது நாம்!

அதற்குப் பிறகு எழுத்து போய்ப் படம் வந்தது. "ஃபயர் ஹைட்ரன்ட் இருக்கும் கட்டங்களைத் தொடு" என்கிறான். தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்கும் அந்தக் குட்டைக் குழாயை திண்டிவனத்துத் தெருக்களில் எங்கே போய்ப் பார்ப்பது? எங்கள் அத்தை அதைத் தபால்பெட்டி என்று நினைத்து மூன்று முறை ஃபெயில் ஆனார்கள். ஆக, மனிதனா என்று கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, அமெரிக்கத் தெருவில் நடந்த மனிதனா என்று கேட்கிறது அந்தச் சோதனை.

வேடிக்கை என்னவென்றால், இதை இயந்திரங்கள் எப்போதோ பாஸ் செய்துவிட்டன. கோணல் எழுத்துகளைத் தங்கள் கம்ப்யூட்டர் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று கூகுள் நிறுவனமே 2014-இல் சொன்னது. 2023-இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை வைத்துச் சோதித்து, மனிதரைவிட புரோகிராம்கள் வேகமாகவும் சரியாகவும் விடை சொல்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். வாட்ச்மேன் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டுத் திருடனுக்கு சல்யூட் அடிக்கிற கதைதான்.

சரி, தாண்டுவது எப்படி நடக்கிறது? பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று உண்டு. அது மூன்று விதமாக வேலை செய்யும். ஒன்று, படத்தில் உள்ள எழுத்தைத் தானே படித்து நிரப்பும். இரண்டு, கண் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கும் ஒலிச் சோதனையை எடுத்து, பேச்சைப் புரிந்துகொள்ளும் இன்னொரு புரோகிராமிடம் கொடுத்து விடை வாங்கும். மூன்றாவதுதான் மனதைச் சங்கடப்படுத்துவது. படத்தை அப்படியே எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு அனுப்பும். அவர் பார்த்துத் தட்டிக் கொடுப்பார். 2010-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ கிளையினர் இந்த வியாபாரத்தை ஆராய்ந்தபோது, ஆயிரம் சோதனைக்கு அரை டாலர்வரை கூட விலை இறங்கியிருந்தது. வேலை செய்பவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கண்டுபிடிக்கப் பல மொழிகளில் சோதனை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இயந்திரம் என்று நாம் நினைத்துக்கொள்வது சில சமயம் கூலிக்குக் கண் விழிக்கும் ஓர் ஏழையாகவும் இருக்கலாம்.

இனி நம்ம ஊர் விஷயம். விழுப்புரம் ஜங்ஷன் ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் இடம். சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாக காட்பாடி. இத்தனை ரயில் போகிற ஊர்க்காரனுக்குப் பொங்கலுக்கு ஒரு பெர்த் கிடைப்பதில்லை. ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று தட்கல் திறக்கும். பாஸ்வேர்ட் போட்டு, கோணல் எழுத்தைக் கண்டுபிடித்து, பெயரும் வயதும் அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும்.

திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் பார்த்தேன். பேர், வயது எல்லாம் முந்தின ராத்திரியே ஏற்றி வைத்திருந்தார் கடைக்காரர். மணி பதினொன்று அடித்ததும் திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. "எப்படிங்க?" என்றேன். "எக்ஸ்டென்ஷன் சார். டிக்கெட்டுக்கு இருநூறு ரூபா எக்ஸ்ட்ரா" என்றார் பெருமையாக. பக்கத்துக் கம்ப்யூட்டரில் தன் மகனுக்காக ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் மூன்றாவது எழுத்துக்கு வந்திருந்தார்.

இதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். "என்னப்பா பெரிய குற்றம்? தீபாவளிக்கு முதல் நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நாம ஜன்னல் வழியா துண்டு போடலையா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் துண்டுக்கும் ஒரு தர்மம் இருந்தது. ஒரு கைக்கு ஒரு துண்டு. கை எட்டுகிற ஜன்னலில்தான் போட முடியும். கைக்குழந்தையோடு ஒரு அம்மா ஏறி வந்து நின்றால், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் தைரியம் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வராது, எழுந்துவிடுவோம். இயந்திரம் போடும் துண்டுக்குக் கை எட்ட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் ஜன்னலில் விழும். முக்கியமாக, யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. முகம் தெரியாத இடத்தில் மனசாட்சிக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

எவ்வளவு துண்டு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்பவர்களில் பாதி வரை புரோகிராம்கள்தான் என்று 2025 ஜூன் மாதம் ரயில்வே அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. அதே ஆண்டு மே 22-ஆம் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாகியது. அந்த அவசரத்தில் அரை விநாடி சாமர்த்தியம் என்பது சாதாரண விஷயம் அல்ல.

இதை எழுதுகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற படித்தவர்கள்தான். 2017 டிசம்பரில் இப்படி ஒரு மென்பொருள் எழுதி ஏஜெண்டுகளுக்கு விற்றதாக சி.பி.ஐ. ஒருவரைக் கைது செய்தது. அவர் சி.பி.ஐ.யிலேயே உதவி புரோகிராமர். அதற்கு முன் ஐ.ஆர்.சி.டி.சி.யில் வேலை பார்த்தவர். 2020 அக்டோபரில் நம் திருப்பூரில் ஓர் இளைஞர் கைதானார். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படித்தவர். தட்கல் பதிவை வேகப்படுத்தும் செல்போன் செயலிகளை எழுதியிருந்தார். நான்கு வருடத்தில் சுமார் 20 லட்சம் ரூபாய் வந்தது என்பது ரயில்வே பாதுகாப்புப் படை சொன்ன கணக்கு. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அந்தத் திறமைக்கு இந்த நாட்டில் வேறு வேலையா இல்லை?

ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி, அனுமதியில்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1989-இல் எழுதின சட்டம், இன்டர்நெட் டிக்கெட்டுக்குச் செல்லாது என்று வாதாடிப் பார்த்தார்கள். செல்லும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ரயில் போதவில்லை, அதைச் சொல்லுங்க முதலில்" என்று ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான் அண்ணே. எக்ஸ்டென்ஷனை ஒழித்தால் ஒரு பெர்த் கூட அதிகமாகாது. ஆனால் இருக்கிற பெர்த் யாருக்குப் போகிறது என்பது மாறும். பண்டம் குறைவாக இருக்கும்போதுதான் வரிசைக்கு மரியாதை வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுக்கே தாண்டுகிறவன் தாண்டிவிட்டுப் போய்விடுவான். அதற்காக உயர்த்தும் சுவர் பின்னால் வருகிறவன் தலையில் விழும். 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு, செல்போனுக்கு வரும் ரகசிய எண் என்று வந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை என்றும் ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆதாரில் பத்து வருடத்துக்கு முந்தின நம்பரைக் கொடுத்துவிட்டு அந்த சிம்மையும் தொலைத்துவிட்ட நம்ம ஊர்ப் பெரியவர் என்ன செய்வார்? பிரவுசிங் சென்டரில் ஒற்றை விரலால் தட்டியவர், இயந்திரத்திடமும் தோற்றார், இயந்திரத்தைத் தடுக்க வைத்த பூட்டிடமும் தோற்கிறார்.

கண் தெரியாதவர்கள் பாடு இதைவிட மோசம். வங்கிக் கணக்கு தொடங்க, உயிருள்ள ஆள்தான் என்று காட்ட, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த பெண்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? இந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே எல்லா எக்ஸ்டென்ஷனும் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்வையில்லாத ஒரு மாணவர் பரீட்சைக்கு விண்ணப்பம் போட, அந்தப் படச் சோதனையைத் தாண்ட ஒரு கருவியை வைத்துக்கொண்டால், அது ஊன்றுகோல். வரிசையில் அவருடைய இடத்தில் அவரை நிற்க வைக்கிறது, அவ்வளவுதான். அதே கருவி முன்னால் நிற்கிறவனைத் தள்ளிவிட்டுப் போனால் அது தடி. பொருள் ஒன்றுதான், பிடிக்கிற விதம் வேறு.

வீட்டில் உள்ளவர்களுக்காக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எக்ஸ்டென்ஷன் போடும்போது "எல்லா இணையதளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி" என்று ஒரு வரி வரும். படிக்காமல் சம்மதம் கொடுத்தால், டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அதே புரோகிராம் நம் பாஸ்வேர்டையும் பார்க்கலாம். இன்னொரு புது மோசடி, போலிச் சோதனை. "நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க இந்த இரண்டு பட்டன்களை அழுத்தி, இதை ஒட்டி, என்டர் தட்டுங்கள்" என்று வரும். தட்டினால் வைரஸை நாமே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததாகிவிடும். உண்மையான கேப்சா எதுவும் அப்படிக் கேட்காது. இதை அம்மா, அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பின் வரிசைத் தம்பி தங்கைகளுக்கு. நீங்கள் வெளியே போன முதல் வருடமே யாராவது வருவார்கள். "சின்ன புரோகிராம்தான், இந்த கேப்சாவை மட்டும் தாண்டிக் கொடு, கை நிறையக் காசு" என்பார்கள். வேலை கிடைக்காத நேரமாக இருக்கும். வீட்டில் எஜுகேஷன் லோன் தவணை நிற்கும். அப்போது உபதேசம் உதவாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் கொடுக்கிறேன். இந்த புரோகிராம் ஓடும்போது வரிசையில் பின்னுக்குப் போகிறவர் யார்? பதில் "யாருமில்லை" என்றால் தாராளமாக எழுதுங்கள். பதிலில் ஒரு முகம் வந்தால், எழுதாதீர்கள். எங்களில் யாருக்காவது போன் போடுங்கள். வேலை தேடித் தருவது சீனியர்களின் கடமை. சங்கத்தின் முகவரிப் புத்தகம் பின்னே எதற்கு இருக்கிறது?

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். பெரியவர்களுக்கு ஆதாரில் நம்பரை மாற்ற எங்கே போவது, ரயில் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். முதல் ஞாயிற்றுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.